போகப் பதினொன்று, வர ஒன்பது

உலகத்தில் எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் என்று இணையத்தில் எழுதிப் போடுவதுதான் அவள் வேலை. அதனால் வீட்டில் அவளுக்கு மைல்கல் என்று பெயர். வைத்தவன் அண்ணன். இப்படியும் ஒரு வேலையா என்று உங்களுக்குத் தோன்றலாம். அண்ணியின் சொந்தக்காரர்களுக்கும் தோன்றியது. மூன்று வருடமாக மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அப்புறம் என்ன?

அலுவலகம் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இருந்தது. ஆறு மேஜை, ஆறு கணினி, கீழேயிருந்து ஏறி வரும் அமில வாடை. ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது பக்கம். இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் கணினி நேர்கோட்டில் தூரத்தைச் சொல்லும். அதை எண்ணூறால் வகுக்க வேண்டும், ஏனென்றால் விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து அரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். இந்த அரை மணி முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விமானத்தில் போயிருக்கிறார். மைல்கல் அதுவும் இல்லை. ஆனால் அவள் எழுதிய பக்கங்களைப் படித்தால், சதா வானத்திலேயே குடியிருப்பவள் என்றுதான் நினைப்பீர்கள்.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது ஒரு பக்கம். அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு வருவது வேறொரு பக்கம். எண்கள் அதே எண்கள், ஊர்ப் பெயர் மட்டும் இடம் மாறும். ஆக, அறுபது பக்கத்தில் முப்பதுக்குத்தான் மூளை வேண்டும். மீதி முப்பதை மைல்கல் மதியம் சாப்பிட்ட மயக்கத்தில் முடித்துவிடுவாள்.

அண்ணன் புட்டியில் திரவம் அடைக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். அவனுடைய கம்பெனி விற்ற பெரிய மெஷின் ஒன்று ரொம்பத் தொலைவில் இருக்கும் ஒரு நகரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னது மரியாதைக்காக. மாதத்துக்கு ஒரு முறை அவன் போய் பத்து நாள் உட்கார்ந்து எழுப்பிவிட்டு வந்தால்தான் ஓடும். இரண்டு வருடமாக இதே கதை. போகும்போதும் பதினொரு மணி நேரம், வரும்போதும் பதினொரு மணி நேரம் என்பான். வந்து இறங்கினால் இரண்டு நாள் முகத்தில் ஈயாடாது.

அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். காலை ஆறரைக்குப் போனால் ஒன்றரைக்கு முடியும். அதன் பிறகு வீட்டு வேலை, ஒன்பது வயதுப் பெரியவள், ஆறு வயதுச் சின்னவன். மாடியறையில் குடியிருக்கிற மைல்கல்லுக்கும் சாப்பாடு அவள் கையால்தான். மைல்கல் பாத்திரம் கழுவுவாள். அதைச் சொல்லிக் காட்டவும் செய்வாள்.

அண்ணன் ஊரில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மைல்கல் மாடியேறப் போகும்போது அண்ணி கூப்பிட்டாள்.

"இங்க வா. உக்காரு. இது நீ எழுதினதுதானே?"

போனை நீட்டினாள். மைல்கல் பார்த்தாள். அண்ணன் போகும் நகரத்துக்கும் இந்த ஊருக்கும் ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர். விமானப் பயண நேரம் ஒன்பது மணி மூன்று நிமிடம். கீழே, இரண்டு நகரங்களும் பயணிகளின் உள்ளம் கவர்ந்தவை என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியை அவள் எல்லா ஊருக்கும் போடுவாள்.

"ஆமா அண்ணி. நான்தான் எழுதினேன்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வீட்டில் யாரும் அவள் பக்கத்தை இதுவரை படித்ததில்லை.

"ஒன்பது மணின்னு எழுதியிருக்க. உங்க அண்ணன் பதினொண்ணுங்கறார். மிச்சம் ரெண்டு மணி நேரம் எங்க?"

மைல்கல்லுக்கு உடனே விளங்கவில்லை. ஊருக்கு ஊர் நேரம் மாறுமே, அதைத்தான் அண்ணி குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தாள். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த ஊர் நேரம் இந்த ஊர் நேரம்னு ஆரம்பிக்காதே. அதைத்தான் அவரும் சொல்றார். எனக்கு ஒரே கடிகாரம், அடுப்பங்கரைல மாட்டியிருக்கறது. அங்க ஏறினதும் போன் பண்ணுவார், கதவைச் சாத்தறாங்கன்னு. நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். இங்க வந்து பெல் அடிப்பார், அப்பவும் பார்ப்பேன். பன்னிரண்டே முக்கால். பெட்டி எடுக்க, வரிசைல நிக்க ஒரு மணி நேரம், டாக்சிக்கு முக்கால் மணி நேரம் கழி. பதினொண்ணு. ஆறு தடவை பார்த்துட்டேன், ஆறு தடவையும் பதினொண்ணு."

"அப்ப சரியாத்தானே இருக்கு?"

"அவர் சொல்றதோட சரியா இருக்கு. நீ எழுதினதோட சரியா இல்லையே."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

"தினமும் நாற்பது பேர் என்கிட்ட வர்றாங்க," என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கணும். ஒன்றரை மணி நேரத்துலயே வந்து நின்னுக்கிட்டு ரெண்டு ஆச்சுன்னு சாதிப்பாங்க. மூஞ்சியைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவேன். ரெண்டு மணி நேரம்னா என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குள்ள மனுஷன் என்னென்னவோ பண்ணலாம்."

"அண்ணி! அண்ணனைப் போயா?"

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலை. எங்க போச்சுன்னு கேக்கறேன். போகும்போது ரெண்டு, வரும்போது ரெண்டு, மாசத்துக்கு நாலு மணி நேரம். பொய்யோட நான் குடும்பம் நடத்த மாட்டேன். அடுத்த மாசத்துக்குள்ள தெரியலைன்னா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலை."

அண்ணி விளையாட்டுக்கு எதுவும் சொல்கிறவள் அல்ல. மைல்கல்லுக்கு இப்போது இரண்டு கவலை. அண்ணி போய்விட்டால் இந்த வீடு என்ன ஆவது என்பது ஒன்று. அதற்குக் காரணம் தான் எழுதிய ஒரு பக்கம் என்பது இன்னொன்று. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொய்யை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இவளுக்கு மட்டும் தூக்கம் போயிற்று.

மறுநாள் காலை முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நம்ம நேரமெல்லாம் எவ்வளவு சரி?"

"எதுக்கு?"

"ஒருத்தங்க கேட்டாங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். மூன்று வருடத்தில் அப்படி ஒருவர் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. "நம்ம விமானம் நேர்கோட்டுல போகும். வளையாது, வட்டம் போடாது, யாருக்காகவும் காத்திருக்காது. நம்ம விமானத்துக்குக் காத்தே கிடையாது. அதுக்கு என்ன நேரம் ஆகுமோ, அதைப் போடறோம்."

"நிஜ விமானத்துக்குக் காத்து உண்டே, சார்."

"அதை ஓட்டறவன் பார்த்துக்குவான். நீ ஏன் கவலைப்படறே? அந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"

மைல்கல் எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு தடவை.

"புகார்?"

"ஒண்ணு. எங்க அண்ணி."

"அண்ணியெல்லாம் வாசகர் கணக்குல வராது. போய் வேலையைப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். ஆனால் அந்த நாற்பத்தொன்றை இன்னொரு முறை விரித்துப் பார்த்தபோது, அதில் முப்பத்து மூன்று தடவை ஒரே போனிலிருந்து வந்திருந்தது. எல்லாம் சாயங்காலம், பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கும் நேரம். ஒரே எண்ணை முப்பத்து மூன்று தடவை திறந்து பார்த்திருக்கிறாள் அண்ணி, ஒரு தடவையாவது மாறியிருக்காதா என்று. அன்றைக்கு அவள் நாற்பத்தாறு பக்கத்துக்கு மேல் எழுதவில்லை.

விமானங்கள் நிஜமாகவே எப்போது கிளம்பின, எப்போது இறங்கின என்று காட்டுகிற இணையதளம் ஒன்று உண்டு. மைல்கல் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, தேவைப்படவில்லை. மதிய இடைவேளையில் திறந்தாள். அண்ணன் போகும் விமானம் கடந்த ஒரு மாதமாக எவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தாள். பத்து மணி ஐம்பது நிமிடம். பத்து ஐம்பத்தைந்து. பத்து நாற்பத்தெட்டு. ஒரு நாள் பதினொன்று ஐந்து. மேலே வீசுகிற காற்று முழுக்க எதிரே அடிக்கிறதாம், அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் பொய் சொல்லவில்லை! பொய் சொன்னது தான்தான்!

சாயங்காலம் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் எழுதினதுதான் தப்பு. இந்தா பாருங்க, பதினொண்ணு, பதினொண்ணு, பதினொண்ணு. எதிர்க்காத்து. அண்ணன் சொன்னது அப்படியே சரி. நாங்க காத்தைக் கணக்குல எடுக்கறதே இல்லை. என்னை நாலு திட்டு திட்டுங்க, அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க."

அண்ணி காகிதத்தை மேலிருந்து கீழே வரை படித்தாள். முகம் லேசாக இளகியது. அப்பாடா என்று மைல்கல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"இது போறதுக்குத்தானே? வர்றதுக்கு?"

"அதேதான் அண்ணி. போறதும் வர்றதும் ஒண்ணுதானே."

சொன்னது தொழில் பழக்கம். மூன்று வருடமாக அவளுக்குப் போவதும் வருவதும் ஒரே எண். வரும் விமானத்தை அவள் பார்க்கவே இல்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அண்ணி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "போகும்போது எதிர்க்காத்துன்னா, வரும்போது அது என்ன காத்து?"

அறுபது பக்கத்தில் முப்பதுக்கு மூளை வேண்டாம் என்று பழகியவளுக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று யார் கண்டார்கள்? போனை எடுத்து வரும் விமானத்தைத் தேடினாள். ஒன்பது மணி. எட்டு ஐம்பத்தைந்து. ஒன்பது மூன்று. ஒரு நாள் எட்டு நாற்பது.

அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"ஆக, பாதி பொய்," என்றாள். "முழுசா சந்தேகப்படறப்ப ஒரு நப்பாசை இருந்துச்சு, எல்லாமே என் தப்பா இருக்கும்னு. இப்ப அதுவும் போச்சு."

"அண்ணி, டாக்சி கிடைச்சிருக்காது, பெட்டி லேட்டா வந்திருக்கும்."

"ஆறு தடவையும் சொல்லி வெச்ச மாதிரி ரெண்டு மணி நேரமா? சனிக்கிழமை வர்றார். நீ போய்ப் பாரு."

"நானா? நீங்களே போங்களேன்."

"எனக்குப் பயமா இருக்குடி," என்றாள் அண்ணி. ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுகிறவர்களை ஒற்றைக் கையால் தாங்கிப் பிடிக்கிறவள். "என்னத்தைப் பார்ப்பேனோன்னு பயமா இருக்கு. நீ பாரு. பார்த்தது எதுவா இருந்தாலும் மறைக்காம வந்து சொல்லு."

சனிக்கிழமை காலை ஆறு ஐந்துக்கு அண்ணன் போன் பண்ணினான், கதவைச் சாத்துகிறார்கள் என்று. மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு விமானம் தரை தொட்டது. மைல்கல் அப்போது விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் போன் கார்டு விற்கும் கடைக்குப் பின்னால் நின்றிருந்தாள். உலகத்து விமானங்களுக்கெல்லாம் நேரம் குறித்தவள் விமான நிலையத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

நாலு மணிக்கு அண்ணன் வெளியே வந்தான். பெட்டியைத் தள்ளிக்கொண்டு, யாரையும் தேடாமல், நேராகப் போனான். எங்கே போகிறோம் என்று தெரிந்தவனின் நடை. டாக்சி நிற்கும் வாசல் வலது பக்கம், அவன் திரும்பியது இடது பக்கம். அங்கே ஒரு காபி மெஷின், அதையொட்டி ஒரு தூண், தூணுக்குப் பின்னால் ஏழெட்டு நாற்காலிகள். ஒரு காபி எடுத்துக்கொண்டு ஓர நாற்காலியில் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான். காலை நீட்டிப் பெட்டியின் மேல் வைத்தான்.

யாருக்கோ காத்திருக்கிறான் என்றுதான் எவருக்கும் தோன்றும். பத்து நிமிடத்தில் ஒரு பெண் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணனிடம் குனிந்து ஏதோ கேட்டாள். அண்ணன் தலையாட்டி நகர்ந்து இடம் விட்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் மைல்கல். அந்தப் பெண் நாற்காலிக்கு அடியிலிருந்த பிளக்கில் போனை மாட்டி, கால் மணி நேரம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, எழுந்து போய்விட்டாள். அண்ணன் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகு யாரும் வரவில்லை. தரை துடைக்கும் மெஷினை ஒருவர் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார், அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். போன் இல்லை, புத்தகம் இல்லை, தூக்கமும் இல்லை. ஒரு மணி நேரம் நின்று மைல்கல்லுக்குக் கால் கடுத்துவிட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா."

திரும்பிப் பார்த்தவனுக்கு முகம் வெளுத்தது. "வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஒன்பது மணி நேரத்துலயே வந்துட்டியே, இங்க என்ன பண்றே?"

கையும் களவுமாகப் பிடிபட்டவன் ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான். இவன் காலைப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டு ஷூவைத் தேடினான். "உக்காந்திருக்கேன்," என்றான்.

"யாருக்காக?"

"யாருக்காகவும் இல்லை."

"அண்ணா, விளையாடாதே. அண்ணி அங்க உயிரை விட்டுக்கிட்டிருக்காங்க."

அண்ணன் காபிக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். "முதல் தடவை போகும்போது பதினொரு மணி நேரம் ஆச்சு. திரும்பி வரும்போதும் அவ்வளவு ஆகும்னு நினைச்சு வீட்டுல சொல்லிட்டேன். வந்து இறங்கினா ரெண்டு மணி நேரம் மிச்சம். நான் திருடலை, கீழே கிடந்துச்சு. யாரும் என்னைத் தேட மாட்டாங்க, யாருக்கும் நான் எங்கேன்னு தெரியாது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்னு உக்காந்தேன். அடுத்த தடவையும் உக்காந்தேன்."

"இதுக்காகவா பொய் சொன்னே?"

"அங்க பத்து நாளும் மெஷின் என்னைக் கூப்பிடும். ராத்திரி பகல் கிடையாது. இங்க வந்தா வாசல்லயே பிள்ளைங்க, குழாய் ஒழுகுது, ஸ்கூல்ல கூப்பிட்டாங்க, மோட்டார் ஓடலை. எல்லாம் நான் செய்ய வேண்டியதுதான், இல்லைன்னு சொல்லலை. வீட்டுக்கு வர எனக்கு ஆசைதான். ஆனா இறங்கின உடனே வீட்டுக்காரனா ஆகறதுக்கு மூச்சு முட்டுது. களைப்பா இருக்கு, அவ்வளவுதான்."

மைல்கல்லுக்குச் சிரிப்பதா, அவன் தலையில் இரண்டு வைப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் அவனோடு உட்கார்ந்து தரை துடைக்கும் மெஷினைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வேடிக்கை.

"அண்ணிகிட்ட சொல்லாதே," என்றான் ஆறு மணிக்கு எழுந்தபோது. "நானே சமயம் பார்த்துச் சொல்றேன்." இரண்டு வருடமாகக் கிடைக்காத சமயம்.

மைல்கல் அன்றைக்குச் சொல்லவில்லை. அண்ணி பார்வையாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அண்ணன் பிள்ளைகளுக்கு முடிவெட்டக் கூட்டிப் போனதும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். தூண், காபி, ஷூ, பிளக்கில் போன் மாட்டிய பெண் உட்பட எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, அண்ணி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

அண்ணி சிரிக்கவில்லை. இப்படிக் கேட்டாள்:

"பொம்பளையா இருந்திருந்தா போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நாற்காலியோட நான் எப்படிச் சண்டை போடறது?"

"அண்ணி, தப்பா ஒண்ணும் இல்லையே. நிம்மதியா இருங்களேன்."

"தப்பா ஒண்ணும் இல்லைங்கறியா? என்னைவிட, இந்த வீட்டைவிட, ஒரு நாற்காலி அவருக்கு நல்லா இருக்கு. அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு மணி நேரம் தனியா இருக்கணும்னு வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா?"

அண்ணி யோசித்தாள். மைல்கல்லுக்கு அவளிடம் பிடித்த விஷயம் இதுதான், கோபத்திலும் யோசிப்பாள். "மாட்டேன்," என்றாள். "எனக்கு யார் கொடுக்கறாங்க?" அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போவதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் எப்போதும்போலப் பேசினாள். அவன் மறுபடி கிளம்பும்போது சட்டையெல்லாம் தேய்த்து அடுக்கிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் அவன் திரும்பி வரும் சனிக்கிழமை. காலை ஆறு ஐந்துக்குப் போன் வந்தது. அண்ணி வேலைக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு வந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டாள். மூன்றரைக்கு முகம் கழுவி, நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"பிள்ளைகளைப் பார்த்துக்கோ. எனக்கு நேரமாகும்."

"எங்க போறீங்க, அண்ணி?"

"வெளிய." போய்விட்டாள்.

மைல்கல் அலமாரியைத் திறந்து பார்த்தாள். அண்ணியின் துணியெல்லாம் இருந்தது. பெட்டி இருந்தது. பிள்ளைகள் இருந்தார்கள், சத்தமாகவே இருந்தார்கள். ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது.

ஆறு ஐம்பதுக்குப் பெல் அடித்தது. பதினொரு மணி நேரக் களைப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டு அண்ணன் நின்றான். "அண்ணி எங்க?"

"வெளிய போயிருக்காங்க. எங்கேன்னு சொல்லலை."

போன் போட்டான், அணைத்து வைத்திருந்தது. பெட்டியைத் திறக்க நேரமில்லை, சின்னவன் ஷூ முடிச்சு சிக்கிக்கொண்டு காலை நீட்டினான். பெரியவள் தொழிற்பெயர் என்றால் என்ன என்று கேட்டாள், பரீட்சை திங்கட்கிழமையாம். எதிர்வீட்டுக்காரர் வந்து, தண்ணீர்த் தொட்டி வழிகிறது, மோட்டாரை அணையுங்கள் என்றார். எரிவாயு தீர்ந்தது. சின்னவனுக்குப் பசித்தது. மைல்கல் முட்டை பொரிக்கப் போனாள், வீட்டில் முட்டை இல்லை. அண்ணன் கடைக்கு ஓடினான், வந்தான், சிலிண்டர் மாற்றினான். நடுநடுவே அடுப்பங்கரைக் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஏழே முக்காலுக்கு மைல்கல்லிடம் மெதுவாகக் கேட்டான். "அவகிட்ட ஏதாவது சொன்னியா?"

"சொல்லிட்டேன். போன மாசமே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அண்ணன் உடனே போனை எடுத்தான். அண்ணியின் அக்காவுக்குப் போன் பண்ணினான். அங்கே வரவில்லை, ஏன், என்ன ஆச்சு என்று அவர் பதறினார். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டான். வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். "அவ என்னை விட்டுப் போயிட்டாளா?" என்று கேட்டான். மைல்கல்லுக்கு அவனைத் திட்ட வேண்டும் என்று ஒரு மாதமாக இருந்த ஆசை அப்போது போய்விட்டது. அண்ணன் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை.

எட்டு ஐம்பதுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அண்ணி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், சாவியை ஆணியில் மாட்டினாள். நன்றாகத் தூங்கி எழுந்தவள் முகம்.

"எங்க போயிருந்தே?" என்றான் அண்ணன்.

"ஏர்போர்ட்டுக்கு."

"ஏர்போர்ட்டுக்கா? நான் உன்னைப் பாக்கவே இல்லையே!"

"நான் பார்த்தேன். நாலரைலேருந்து பார்த்தேன். பக்கத்துல வந்து, ஊரே கூடற மாதிரி கத்தணும்னுதான் வந்தேன். நீங்க காலை நீட்டி உக்காந்திருந்தீங்க. வீட்டுல உங்க முகம் அப்படி இருந்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எனக்குக் கத்த மனசு வரலை." அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆறு மணிக்கு எழுந்து போனீங்க. நாற்காலி காலியா இருந்துச்சு. நான் உக்காந்தேன்."

"ரெண்டு மணி நேரமா?"

"ரெண்டு மணி நேரம்."

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை," என்றாள் அண்ணி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துடைக்காமல் சொன்னாள். "கல்யாணம் ஆகிப் பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் ஒண்ணும் பண்ணலை. யாரும் என்னைக் கூப்பிடலை. நல்லா இருந்துச்சுங்க. உங்க மேல அவ்வளவு கோவமா வந்துச்சு, இவ்வளவு நல்லா இருக்கறதை நீங்க மட்டும் வெச்சுக்கிட்டீங்களேன்னு."

அம்மா குரல் கேட்டு உள்ளேயிருந்து சின்னவன், "அம்மா, என்னோட..." என்று ஆரம்பித்துக்கொண்டே ஓடி வந்தான். பின்னாலேயே பெரியவள், புத்தகத்தோடு.

அண்ணன் சின்னவனை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டான். பெரியவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரையும் உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினான்.

"அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது," என்று உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. "என்ன வேணுமோ என்னைக் கேளுங்க."

அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்க மைல்கல் வாயெடுத்தாள். கேட்கவில்லை.